கண்காணிப்பானின் மௌனத்தை நம்பலாமா?

மழைமானியைப் பார்வையிடும் ஊழியர் ஒருவர் காலை 8-30 மணிக்குத் தம் ஏட்டில் ‘மழை இல்லை’ என்று எழுதுகிறார். மற்றோர் ஊரில் மற்றோர் ஊழியர் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடுகிறார். மேலோட்டமாகப் பார்ப்போருக்கு இரண்டும் ஒன்றே போலத் தோன்றக்கூடும். ஆயினும் முன்னது ஓர் அளவீடு. பின்னது அளவீடு இன்மை. முன்னதைக் கொண்டு ஒரு முடிவுக்கு வரலாம். பின்னதைக் கொண்டு எம்முடிவுக்கும் வருவதற்கில்லை. இவ்வேறுபாட்டைக் கள ஊழியர்களுக்கு எடுத்துரைக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் இதே வேறுபாடு, அவர்கள் அன்றாடம் நிரப்பும் கணிப்பொறிப் படிவங்களின் உள்ளேயும் மறைந்து கிடக்கிறது என்பது பலரும் அறியாத செய்தியாகும்.

படிவத்தின் ஒரு கட்டத்தில் எண் மாற்றப்பட்டவுடன் வேறொரு கட்டத்தில் கூட்டுத்தொகை தானே மாறுகிறது. ஏதேனும் ஒரு விவரம் திருத்தப்பட்டால்தான் ‘சேமி’ என்னும் பொத்தான் உயிர் பெறுகிறது. இவற்றின் பின்னே, விவரங்களை இடைவிடாது கவனித்துக்கொண்டிருக்கும் நிரற்பகுதி ஒன்று உண்டு. அது ‘மாறிவிட்டது’ என்று சொன்னால் கணக்கு புதுப்பிக்கப்படுகிறது. அது ஒன்றும் சொல்லாவிடில் ‘மாற்றம் இல்லை’ என்று கொள்ளப்படுகிறது. இங்கேதான் அபாயம் இருக்கிறது. கண்காணிப்பான் பேசாதிருப்பதற்குக் காரணம் மாற்றம் நிகழாமையா, அன்றி நிகழ்ந்த மாற்றம் அதன் கண்ணில் படாமையா? இவ்வினாவுக்கு விடை தருவது சோதனை ஒன்றே. அச்சோதனை எவ்வாறு அமைய வேண்டும் என்பதே இங்கு ஆராயத்தக்கது.

பொருளும் பண்பும்

வலைப்பக்கங்களில் இயங்கும் நிரல்களுள் மிகப் பெரும்பாலானவை ஜாவாஸ்கிரிப்ட் மொழியைச் சார்ந்தவை. இம்மொழியை 1995-ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் உருவாக்கினார். மொழியில் எழுதப்பட்ட நிரலைப் படித்து நிறைவேற்றும் பகுதிக்கு எஞ்சின் என்று பெயர். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் ஸ்பைடர்மங்கியும், குரோமில் வி-8 என்பதும், சஃபாரியில் ஜாவாஸ்கிரிப்ட்கோர் என்பதும் இப்பணியைச் செய்கின்றன.

இம்மொழியில் விவரங்கள் ‘பொருள்’ என்னும் அமைப்பில் தொகுக்கப்படுகின்றன. பொருளின் ஒவ்வோர் உறுப்பும் ‘பண்பு’ எனப்படும். ஓர் உரக்கிடங்கைக் குறிக்கும் பொருளை எடுத்துக்கொள்வோமாயின், ‘மூட்டை’ என்பது அதன் பண்பு. 40 என்பது அப்பண்பின் மதிப்பு. ஐந்து மூட்டைகள் வெளியேறினால் மதிப்பு 35 ஆகிறது. இம்மாற்றத்தை உடனுக்குடன் அறிவிக்கும் ஏற்பாடே பண்பு மாற்றக் கண்காணிப்பு ஆகும். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்வேற்பாடு, இம்மொழியின் முப்பதாண்டு வரலாற்றில் இருமுறை நிறுவப்பட்டு இருமுறையும் கைவிடப்பட்டது. அவ்வரலாறு சோதனைக் கலைக்கே ஒரு பாடமாக விளங்குகிறது.

இரண்டு முயற்சிகள்

முதல் முயற்சி ‘வாட்ச்’ என்பது. 1997-இல் ஜாவாஸ்கிரிப்ட் 1.2 என்னும் பதிப்புடன் நெட்ஸ்கேப் உலாவியில் இது இடம்பெற்றது. பின்னர் ஃபயர்ஃபாக்ஸிலும் தொடர்ந்தது. ஒரு பண்பின் பெயரையும் ஒரு செயற்கூற்றையும் இதனிடம் ஒப்படைத்தால், அப்பண்புக்குப் புது மதிப்பு இடப்படும் ஒவ்வொரு முறையும் அச்செயற்கூறு அழைக்கப்படும். பண்பின் பெயர், பழைய மதிப்பு, புதிய மதிப்பு ஆகிய மூன்றும் அதற்குத் தரப்படும்.

இதில் ஒரு நுட்பமான குறை இருந்தது. செயற்கூறு எதைத் திருப்பித் தருகிறதோ அதுவே பண்பில் பதிவாகும். நிரல் எழுதுவோர், மாற்றத்தைக் குறித்துக்கொள்வதோடு நிறுத்தி, புதிய மதிப்பைத் திருப்பித்தர மறந்துவிட்டால், 35 பதிவாக வேண்டிய இடத்தில் ‘வரையறுக்கப்படாதது’ என்னும் வெற்று மதிப்பு பதிவாகிவிடும். எவ்வகைப் பிழைச் செய்தியும் எழாது. மூட்டைகளை எண்ணுவதற்கென்று நிறுத்தப்பட்டவன் மூட்டைகளையே காணாமற்போக்கிய கதையாக அது முடியும். ‘கண்காணிப்பான் அழைக்கப்பட்டதா?’ என்று மட்டும் கேட்கும் சோதனை இந்நிலையிலும் வெற்றி என்றே அறிவிக்கும். ‘கண்காணிப்புக்குப் பின் பண்பில் இருப்பது எது?’ என்று கேட்கும் சோதனைதான் குறையை வெளிக்கொணரும்.

வாட்ச் வசதியைப் பிற பெரிய உலாவிகள் ஏற்கவில்லை. எக்மா-262 என்னும் மொழித் தரநிலையிலும் அதற்கு இடம் கிடைக்கவில்லை. பிழை தேடுவதற்காக மட்டும் ஏற்பட்ட வசதி என்ற எச்சரிக்கை இருந்தும் அன்றாட நிரல்களில் அதனை உபயோகிப்போர் இருந்தனர். இறுதியில் 2018 ஜனவரியில் வெளிவந்த ஃபயர்ஃபாக்ஸ் 58-ஆம் பதிப்பில் அது அகற்றப்பட்டது.

இரண்டாம் முயற்சி ‘ஆப்ஜெக்ட் அப்சர்வ்’ என்பது. 2014-இல் குரோம் 36-ஆம் பதிப்பில் இது வெளிவந்தது. இது மாற்றத்தை அக்கணமே அறிவிப்பதில்லை. நடந்துகொண்டிருக்கும் வேலை முடியும் வரை மாற்றங்களைக் குறிப்பேடு போல் தொகுத்து வைத்து, பின்னர் ஒருசேர ஒப்படைத்தது. பண்பு சேர்க்கப்பட்டதா, திருத்தப்பட்டதா, நீக்கப்பட்டதா என்றும் பிரித்துக் காட்டியது. முன்னதைவிட ஒழுங்கான ஏற்பாடு இது என்பதில் ஐயமில்லை. எனினும் இதனை முன்மொழிந்தவர்களே 2015 நவம்பரில் திரும்பப் பெற்றனர். 2016-இல் குரோமிலிருந்தும் இது நீங்கியது.

இவ்விரண்டும் ‘மாற்றம்’ என்ற சொல்லுக்கே வெவ்வேறு பொருள் கொண்டிருந்தன என்பது கருதத்தக்கது. 40 இருக்கும் இடத்தில் மீண்டும் 40 இடப்பட்டால் வாட்ச் அழைக்கப்படும். அப்சர்வ் அதனை மாற்றமாகக் குறிக்காது. மதிப்பு இடப்படுவதே நிகழ்ச்சி என்பது முதலாவதன் கொள்கை. மதிப்பு வேறுபடுவதே நிகழ்ச்சி என்பது இரண்டாவதன் கொள்கை. இரண்டில் எதுவும் தவறன்று. ஆனால் எது என்று எழுத்தில் வகுக்கப்படாத வரையில் எச்சோதனையும் சரி, தவறு என்று தீர்ப்புக் கூற இயலாது. அளவுகோலின் கோடுகளே தெளிவாக இல்லாதபோது அளந்து பயன் என்ன?

வாயிற்காவலும் கொல்லைப்புறக் கதவும்

2015 ஜூனில் வெளியான தரநிலையில் ‘பிராக்ஸி’ என்னும் வசதி இடம்பெற்றது. மூலப் பொருளுக்கு முன்னே ஒரு பிரதிநிதிப் பொருளை நிறுத்தி, பிரதிநிதியின் வழியே வரும் ஒவ்வொரு செயலையும் கவனிக்கும் முறை இது. இன்று நிலைபெற்றிருப்பது இதுவே. 2020-இல் வெளியான வியூ 3 என்னும் புகழ்பெற்ற நிரலமைப்பு தன் கண்காணிப்பை இதன் மேல்தான் அமைத்திருக்கிறது. அதற்கு முந்தைய வியூ 2, பண்புகளை ஒவ்வொன்றாகக் கண்காணிக்கும் பழைய முறையைக் கையாண்டமையால், பின்னர் புதிதாகச் சேர்க்கப்படும் பண்பை அதனால் உணர இயலவில்லை.

பிராக்ஸி முறையில் சில குறைகள் களையப்பட்டுள்ளன. மதிப்பு இடுவதைக் கவனிக்கும் செயற்கூறு, ‘இட்டாயிற்று’ என்று உறுதி கூற மறந்தால், கண்டிப்பு நிலையில் இயங்கும் நிரலில் பிழை எழும். பழைய வாட்ச் போல மௌனமாக மதிப்பு மறைவதில்லை. மாற்ற இயலாதபடி பூட்டப்பட்ட பண்பை மாற்றிவிட்டதாகக் கண்காணிப்பான் பொய்யுரைத்தால், எஞ்சினே அதனைக் கண்டுபிடித்துப் பிழை எழுப்ப வேண்டும் என்று தரநிலை விதிக்கிறது.

எனினும் காவலன் நிற்கும் வாயில் வழியே வருவோரைத்தான் காவலன் காண்பான். மூலப் பொருளை நேரே அறிந்த நிரற்பகுதி ஒன்று பிரதிநிதியை நாடாமல் மூலத்திலேயே எழுதினால் கண்காணிப்பானுக்கு அது தெரியாது. பொருளுக்குள் மற்றொரு பொருள் இருந்து, உட்பொருள் மாறினாலும் வெளிக் கண்காணிப்பானுக்குச் செய்தி வருவதில்லை. மதிப்பு இடுதல், பண்பை வரையறுத்தல், பண்பை நீக்குதல் ஆகிய மூன்றும் தனித்தனி வாயில்கள். முதல் வாயிலில் மட்டும் காவல் வைத்தவர் மற்ற இரண்டின் வழியே நிகழ்வனவற்றை அறியமாட்டார்.

வரிசைப் பட்டியலில் இது இன்னும் வியப்பாக அமைகிறது. கண்காணிக்கப்படும் பெயர்ப்பட்டியலின் இறுதியில் ‘புஷ்’ என்னும் கட்டளையால் ஒரு பெயரைச் சேர்த்தால், மதிப்பு இடும் வாயிலில் இரண்டு அறிவிப்புகள் வருகின்றன: ஒன்று பெயருக்கு, மற்றொன்று பட்டியலின் நீளத்துக்கு. ஐந்து பெயர்கள் கொண்ட பட்டியலின் நீளத்தைப் பூச்சியம் ஆக்கினாலோ அங்கே வருவது ஒரே அறிவிப்பு. நீளம் மாறியது என்ற செய்தி மட்டும் கிடைக்கும். ஐந்து பெயர்கள் அழிந்தமைக்கு நீக்கல் அறிவிப்பு ஒன்றுகூட வராது. இவை எஞ்சினின் தவறுகள் அல்ல. தரநிலையின்படியே இவ்வாறு நிகழ்கின்றன. ஆனால் அறிவிப்புகளின் எண்ணிக்கையைக் கொண்டு மாற்றங்களின் எண்ணிக்கையைக் கணக்கிடும் நிரல் இரண்டு இடங்களிலும் தவறிவிடும்.

வேகமே சோதனைக் களம்

எஞ்சினின் உண்மையான தேர்வு அதன் வேகத்தில்தான் இருக்கிறது. எஞ்சின் முதலில் நிரலை வரி வரியாகப் படித்து நிறைவேற்றுகிறது. ஒரே பகுதி பன்முறை ஓடுவதைக் கண்டால், அதனை நேரடி இயந்திரக் கட்டளைகளாக மொழிபெயர்த்து வைத்துக்கொள்கிறது. அம்மொழிபெயர்ப்பு, பொருளின் வடிவம் மாறாது என்ற ஊகத்தின் மேல் எழுப்பப்படுவது. ‘மூட்டை’ என்னும் பண்பு நினைவகத்தில் இன்ன அறையில் உள்ளது என்று ஒருமுறை கண்டுகொண்டால், மறுமுறை பெயரைத் தேடாமல் அந்த அறையிலேயே நேராக எழுதிவிடும்.

இத்தகைய விரைவுப் பாதை உருவான பின்னர் ஒருவர் அப்பண்புக்குக் கண்காணிப்பு ஏற்படுத்துகிறார் என்று கொள்ளலாம். முன்வாயிலில் காவலன் வந்து நிற்கிறான். நெடுநாள் பழகிய வேலையாளோ கொல்லைப்புறக் கதவால் போய்வருகிறான். எஞ்சின் தன் பழைய ஊகத்தைக் கைவிட்டு, விரைவுப் பாதையை அடைத்து, மீண்டும் முன்வாயிலுக்கு வர வேண்டும். அவ்வாறு வருகிறதா என்பதே சோதிக்கப்பட வேண்டிய தலையாய செய்தி.

புத்தம் புதிய பொருளில் ஒரே ஒரு முறை மதிப்பை மாற்றி, அறிவிப்பு வந்ததும் ‘தேறியது’ என்று முத்திரையிடும் சோதனை இதனை ஒருபோதும் காட்டாது. நிழலில் நிறுத்திய பம்ப் செட்டை ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, கோடையில் நாள் முழுவதும் நீர் இறைக்கும் என்று சான்று வழங்குவது போன்றது அது. ஒரு லட்சம் முறை மதிப்பை மாற்றி எஞ்சினை விரைவுப் பாதைக்குக் கொண்டுசென்ற பிறகு கண்காணிப்பை ஏற்படுத்தி, அதற்கு அடுத்த மாற்றம் அறிவிக்கப்படுகிறதா என்று பார்ப்பதே முழுமையான சோதனை. எஞ்சின் ஆக்குவோர் இதனை நன்கு உணர்ந்துள்ளனர். ஸ்பைடர்மங்கியின் சோதனைத் தொகுப்பை, சாதாரண நிலையில் மட்டுமின்றி, இயந்திரக் கட்டளைகளை மிக விரைவிலேயே ஆக்கும்படி கட்டாயப்படுத்திய நிலையிலும் ஓட்டுவது வழக்கம். ஒரே வினாவை வெவ்வேறு நிலைகளில் கேட்டு, விடை ஒன்றாகவே வருகிறதா என்று ஒப்பிடுவது இதன் தத்துவம்.

பொதுவான சோதனைத் தொகுப்பு ஒன்றும் உண்டு. டெஸ்ட்262 என்னும் அதனில் பல்லாயிரம் சோதனைகள் அடங்கியுள்ளன. புதிய மொழிக்கூறு எதுவும் தரநிலையில் சேர வேண்டுமாயின், அச்சோதனைகளில் தேறிய இரண்டு எஞ்சின்களேனும் இருத்தல் வேண்டும் என்பது இன்றைய விதி. இது போற்றத்தக்க விதியாகும். ஆயினும் பொதுத் தொகுப்பு வெளிப்புற நடத்தையை மட்டுமே வினவக்கூடியது. எந்த எஞ்சின் எந்தக் கணத்தில் விரைவுப் பாதைக்கு மாறுகிறது என்பதை அது அறியாது. ஆகவே பொதுத் தேர்வும் உட்தேர்வும் ஒன்றையொன்று நிரப்ப வேண்டியவை. ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தவிர்ப்பதற்கில்லை.

எதிர்வாதங்கள்

இவற்றுக்கு எதிராகச் சில வாதங்கள் கூறப்படுவதுண்டு. எளிய வசதியாக இருந்த வாட்ச் நீக்கப்பட்டது அவசரச் செயல் என்பது ஒன்று. அதனை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் பயனற்றுப் போயின என்பதும், அவற்றைப் பேணியோர் சிரமப்பட்டனர் என்பதும் மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒரே எஞ்சினில் மட்டும் உள்ள வசதிக்கு ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு சாட்சி கிடையாது. அந்த எஞ்சின் எதைச் செய்கிறதோ அதுவே சரி என்றாகிவிடும். பொது வரையறையும் ஒப்பீடும் இல்லாத கண்காணிப்பைப் பொதுமக்களின் கணக்குகளுக்கு ஆதாரமாக வைத்திருப்பதைவிட, அதனை அகற்றியதே நேர்மை. பிழை தேடுவோருக்குத் தேவையான அவ்வுதவி இன்று ஃபயர்ஃபாக்ஸின் பிழைத்திருத்திக் கருவியில் தனியே கிடைக்கிறது. அதற்குரிய இடமும் அதுவே.

எஞ்சின்கள் இச்சோதனைகளில் எல்லாம் இன்று தேறிவிடும்போது மீண்டும் மீண்டும் சோதிப்பானேன் என்பது மற்றொரு வாதம். நேற்றுத் தேறியது நேற்றைய எஞ்சின். உலாவிகள் சில வாரங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. ஒவ்வொரு புதுப்பிப்பிலும் புதிய விரைவுப் பாதைகள் சேரக்கூடும். தராசை ஒருமுறை முத்திரையிட்டால் போதும் என்று எடை அளவைச் சட்டம் கூறவில்லை. குறித்த காலத்தில் மீண்டும் முத்திரையிட வேண்டும் என்றே கூறுகிறது.

இது எஞ்சின் ஆக்குவோரின் கவலை. படிவம் நிரப்புவோருக்கு இதனால் ஆவதென்ன என்பது மூன்றாவது வாதம். இதுவே மிகவும் மறுக்கத்தக்கது. எஞ்சின் பிழையின்றி இருந்தும், அதன் மேல் படிவத்தை அமைத்தவர் நீக்கல் வாயிலையோ உட்பொருளையோ மறந்திருக்கலாம். அப்போது கூட்டுத்தொகை பழையதாகவே நிற்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. பொறுப்பு, கையொப்பமிட்ட ஊழியரின் தலையில் வந்து விழும்.

வகுப்பறையிலும் களத்திலும் செய்யத்தக்கவை

ஆசிரியர்கள் இதனை வகுப்பறையிலேயே செய்து காட்டலாம். உலாவியில் உள்ள கட்டளைப் பலகம் ஒன்றே போதும். பத்து வரிகளில் ஒரு பிராக்ஸியை அமைத்துவிடலாம். பின்னர் மாணவர்களிடம், விடையை முன்கூட்டியே தாளில் எழுதச் சொல்லிவிட்டு, ஆறு வினாக்களைக் கேட்கலாம். பண்பின் மதிப்பு மாறினால் அறிவிப்பு வருகிறதா? அதே மதிப்பை மீண்டும் இட்டால் வருகிறதா? பண்பை நீக்கினால், நீக்கிய பண்பை மீண்டும் படைத்தால் என்ன நிகழ்கிறது? உட்பொருளை மாற்றினால் என்ன? பட்டியலின் நீளத்தைக் குறைத்தால் எத்தனை அறிவிப்புகள்? சாதாரணப் பொருளில் ஒரு லட்சம் முறை எழுதி வந்த செயற்கூற்றுக்குப் பின்னர் பிராக்ஸியைக் கொடுத்தால் அதன் முதல் மாற்றம் அறிவிக்கப்படுகிறதா? எழுதிய விடைக்கும் கண்ட விடைக்கும் உள்ள வேறுபாடே அன்றைய பாடம். சோதனை என்பது கருவி வேலை செய்வதைக் கண்டு மகிழ்வதற்கன்று. எங்கே அது வேலை செய்யாது என்பதைத் தேடிக் கண்டறிவதற்கே என்ற விஞ்ஞான மனப்பான்மை இதனால் வளரும்.

கள ஊழியர்களும் தம் படிவத்தை எளிய முறையில் சோதித்தறியலாம். புதிய படிவம் கைக்கு வந்தவுடன், மெய்யான விவரங்களை ஏற்றுமுன், மாதிரி விவரங்களை இட்டு, ஒரு வரியைச் சேர்த்தும், ஒரு வரியை நீக்கியும், ஓர் எண்ணை மாற்றி மீண்டும் பழைய எண்ணுக்கே கொண்டுவந்தும் பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் கூட்டுத்தொகையைக் கையால் கூட்டி ஒப்பிடுதல் நன்று. வேறுபாடு கண்டால், எந்தச் செயலுக்குப் பின் அது நேர்ந்தது என்பதைக் குறித்து, படிவத்தை அமைத்தவருக்கு அனுப்பலாம். ‘கணிப்பொறி தவறாகக் காட்டுகிறது’ என்னும் பொதுவான புகாரைவிட, ‘மூன்றாம் வரியை நீக்கிய பின் கூட்டுத்தொகை குறையவில்லை’ என்னும் ஒரு வரிக் குறிப்பு நூறு மடங்கு பயனுடையது.

மழைமானி ஏட்டில் ‘மழை இல்லை’ என்று எழுதும் ஊழியர், மானியின் புனலில் இலை அடைத்திருக்கவில்லை என்பதையும் பார்த்த பிறகே அவ்வாறு எழுதுகிறார். அந்தப் பார்வைதான் அவருடைய ‘இல்லை’ என்ற சொல்லுக்கு மதிப்பைத் தருகிறது. பண்பு மாற்றத்தைக் கவனிக்கும் நிரலின் மௌனத்துக்கும் மதிப்பைத் தர வல்லது அத்தகைய பார்வையே. பேச வேண்டிய இடங்கள் அனைத்திலும் பேசுகிறது என்று காட்டப்பட்ட கண்காணிப்பானின் மௌனத்தைத்தான் ‘மாற்றம் இல்லை’ என்று ஏட்டில் ஏற்றலாம். சோதிக்கப்படாத மௌனத்தை வெற்றுக் கட்டமாகவே கொள்ளுதல் வேண்டும்.